கிளப்பில் அப்பா போட்ட ஜாஸ் தட்டுகள்

கிராமபோன் தட்டை விரல் படாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் விளிம்பில் பிடிக்கத் தெரிந்தவர்கள் நம் வயதுக்காரர்களில் இன்னும் சிலர் இருப்பீர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். வீட்டுப் பிள்ளைகளிடம் ஒருதரம் ஆரம்பித்துப் பார்த்தேன். முழுக்கக் கேட்பதற்குள் "ஐயோ பாவம்" என்றார்கள். எனக்கு அந்தப் பாவம் வேண்டியதில்லை. என் அப்பா பாவப்பட்ட மனிதர் அல்ல. அவர் ஒரு சாயங்காலம் அவமானப்பட்டார், நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

நாங்கள் மூணாறுக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டில் இருந்தோம். மலையைச் சென்னையோடு சேர்ப்பதா கேரளத்தோடு சேர்ப்பதா என்று கீழே கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம். அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டாக்டர் என்றைக்காவது ஜீப்பில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி காய்ச்சல், அட்டைக்கடி, தேயிலைச் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தி வெட்டின கை, நள்ளிரவுப் பிரசவம் எல்லாம் அப்பா தலையில்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. சின்ன வயதில் ஊர்ச் சர்ச்சில் நாலு குரல் பிரித்துப் பாடுகிற குழுவில் இருந்தவர் அப்பா. நாலு பேர் சேர்ந்து பாடினால் அதில் ஒருத்தர் குரலை மட்டும் தனியே பிடித்துக்கொண்டு போகிற காது அவருக்கு அங்கே வாய்த்தது.

இங்கிலீஷ் தட்டுகள் வீட்டுக்கு வந்தது துரைசாணியின் ஒற்றைத் தலைவலியால். எஸ்டேட் துரையின் மனைவியைத்தான் அங்கே எல்லோரும் துரைசாணி என்போம். தலைவலி வந்தால் பங்களாவில் ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்துவிட்டு, கிராமபோனை மெல்லிசாக வைத்துக்கொண்டு படுத்திருப்பாராம். அப்பா போய் ஊசி போடுவார். ஒருநாள் ஊசி போட்டுவிட்டுப் பஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "கம்பவுண்டர், இந்தப் பாட்டு எப்படி?" என்று கேட்டாராம். பாடிக்கொண்டிருந்தவன் காதலில் உருகுகிற ஒரு ஆள். அப்பா யோசித்துப் பார்த்து, தன் கம்பவுண்டர் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார்: "இந்த ஆளுக்குக் காதல் இல்லை மேடம். வெறும் அஜீரணம்." துரைசாணி சிரித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். அந்தத் தட்டையே அப்பாவிடம் கொடுத்தும் அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைவலிக்கும் ஒரு தட்டு வந்தது. கீறல் விழுந்தது, அலுத்துப்போனது, ஊருக்குத் திரும்பிப் போன துரைமார்கள் விட்டுவிட்டுப் போனது. ஒரு துரை கழித்துப்போட்ட, கையால் சாவி கொடுக்கிற கிராமபோன் பெட்டியையும் அப்பா வாங்கினார். மூடி பிளந்திருந்தது. ஆஸ்பத்திரி பிளாஸ்டரை வைத்து ஒட்டினார்.

முதலில் தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைத்தார். அது அரக்குத் தட்டு. ஸ்பிரிட் பட்டதும் கறுப்புப் பளபளப்பு கரைந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டது. ஒரு தட்டின் பாதிப் பாட்டு அப்படியே போய்விட்டது. அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. பிறகு வெறும் பஞ்சு, ஒரு சொட்டுக் காய்ச்சி வடித்த தண்ணீர். மழை மாதங்களில் தட்டு மேல் வெள்ளைப் பூஞ்சை படியும். புண் கட்டுகிற மெல்லிய துணியை வெட்டி ஒவ்வொரு தட்டுக்கும் உறை தைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா தைத்தாள். எங்கள் வீட்டில் ஜாஸ் என்றால் டெட்டால் வாசனை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் பெட்டியைத் திறப்பார். சாவி கொடுப்பதும் ஊசி மாற்றுவதும் என் வேலை. அம்மா முறத்தோடு வந்து உட்காருவாள். அப்பா பேச ஆரம்பிப்பார்.

இப்போது பழைய பாப் பாட்டு என்கிறார்களே, அந்த மாதிரித் தட்டுகளை அவருக்குப் பிடிக்காது. "வெல்லப்பாகு. ஒரு கரண்டி தித்திக்கும். ரெண்டாவது கரண்டிக்குப் பூச்சி வரும்" என்பார். சாக்ஸபோன் அவருக்குச் சளி கட்டிய குழாய். பியானோ வாசிக்கிற ஒருத்தனுக்குப் படபடப்பு நோய் என்றார். ஆனால் டிரம்பெட் ஊதுகிற ஜாஸ் தட்டு ஒன்று இருந்தது, அதைப் போட்டால் மட்டும் நோய் நொடிப் பேச்சு நின்றுவிடும்.

"கேளுட்டி. இவன் ஒண்ணு சொல்லுதான். அவன் அதுக்கு வேற ஒண்ணு சொல்லுதான். மூணாவது ஆளு குறுக்க வாரான். ஆனா ஒருத்தன் பேச்ச ஒருத்தன் வெட்டல பாத்தியா? நம்ம சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணத்துல எங்கயாவது இப்பிடிப் பேசிப் பாத்திருக்கியா?"

"ஒங்க அண்ணன் தம்பிய கல்யாணத்துல பேசினா வெட்டுக்குத்துதான்" என்பாள் அம்மா, முறத்திலிருந்து தலையெடுக்காமல்.

அந்த டிரம்பெட் ஆளின் படம் ஒரு பத்திரிகையில் வந்திருந்ததைத் துரைசாணி காட்டி, கிழித்தும் கொடுத்திருந்தார். அப்பா அதை ஓடி வந்து எங்களுக்குக் காட்டினார். கறுப்பு மனிதர். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"நம்ம நாசரேத்து மாமா மாதிரியில்லா இருக்காவ" என்றாள் அம்மா.

அப்பா படத்தைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினார்.  ஓரம் மடங்காமல் பஞ்சால் நீவி நீவி ஒட்டினார்.

அந்த வருஷம் மழை விட்டு, பனி இறங்க ஆரம்பித்த சமயத்தில் துரை குடும்பம் ஊர் திரும்பப் போவதாகச் செய்தி வந்தது. ஒருநாள் அப்பா பங்களாவிலிருந்து வேட்டி சேறானதைக்கூடப் பார்க்காமல் குறுக்கு வழியாகத் தேயிலைக்குள் இறங்கி வந்தார்.

"கிளப்புல அவுங்களுக்கு விருந்து. அதுல நான் பேசணுமாம். தட்டெல்லாம் கொண்டாந்து போட்டு, ஒவ்வொண்ணப் பத்தியும் என் அபிப்பிராயத்தச் சொல்லணுமாம். எல்லா எஸ்டேட் தொரமாரும் வாராவ."

அம்மா அரிவாள்மனையை ஒதுக்கிவைத்தாள். "வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாவ."

"வெளையாட்டுக்கு யாராவது நாளு சொல்லி அழைப்பாவளா? குடும்பத்தோட வரணும்னு நான்தான் கேட்டேன். சரின்னுட்டாவ."

"எனக்கு அங்க என்ன சோலி? நான் வரல."

அம்மா ஒருதரம் வரவில்லை என்றால் வரமாட்டாள். அப்பாவுக்கும் அது தெரியும். அவர் என்னை மட்டும் அழைத்துப் போவதாக முடிவு செய்து, மூணாறு கடைத்தெருவில் எனக்கு ஒரு கவுன் தைக்கக் கொடுத்தார். ஆனால் சில நாள் கழித்து அம்மா தானாகவே, அடுப்பை ஊதிக்கொண்டே, "நானும் வாரேன்" என்றாள். அப்பா அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்துவிட்டார். துரைசாணிகள் போடுகிற மாதிரி, முன்பக்கம் மூடியது. அம்மா வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள்.

அப்பா சவரம் செய்யும்போது பேச்சை ஒத்திகை பார்த்தார். இங்கிலீஷில்தான். நோய் சம்பந்தப்பட்ட பேச்செல்லாம் முதலில் வரும். கடைசியாக டிரம்பெட் தட்டு. அதற்கு மட்டும் ஒரு வாக்கியத்தை வெகு நாள் யோசித்து வைத்திருந்தார். எனக்குத் தமிழிலும் சொன்னார்: "இதை ஊதுகிறவர் என் நிறத்துக்காரர். அவர் ஊதும்போது நான் நிமிர்ந்து உட்காருகிறேன்." இதைச் சொல்லி முடித்த பிறகுதான் நான் ஊசியை இறக்க வேண்டும், முந்திவிடக் கூடாது என்று பல தடவை சொல்லிக்கொடுத்தார்.

விருந்து வைத்த ஞாயிறு மத்தியானம் ஜீப் வந்தது. தட்டுகளை மருந்துப் பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கி அப்பா மடியில் வைத்துக்கொண்டார். கிளப்பின் முன்வாசலில் கார்கள் நின்றன. ஜீப் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றது. சமையல்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் எங்களை உட்காரவைத்தார்கள். கிளப் பட்லர் பாலக்காட்டு ராவுத்தர், அப்பாவிடம் மருந்து வாங்கிப் போகிறவர். மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். பக்கத்திலேயே பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் அடுக்கியிருந்தன. அம்மா அவற்றைப் பார்த்தாள். அப்பா பார்க்கவில்லை. உதடு அசைய ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்லர் அங்கே இங்கே பார்த்துவிட்டுக் குனிந்தார். "அண்ணே, பெட்டிய வேணும்னா நான் உள்ள கொண்டுபோய் வெச்சுடறேன். உங்களுக்குத் திடீர்னு உடம்புக்குச் சுகமில்லாமப் போச்சுன்னு நான் சொல்லிக்கறேன். நீங்க வீட்டுக்குப் போயிருங்க."

"எனக்கு என்ன? நல்லாத்தான இருக்கேன்" என்றார் அப்பா.

பட்லர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். மெழுகு போட்டுத் தேய்த்த மரத்தரை. அம்மாவுக்கு ஷூ வழுக்கியது. என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சுவரில் காட்டெருமைத் தலை ஒன்று மாட்டியிருந்தது. வெள்ளைக்காரர்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் முன்னால் தரையில். அம்மாவை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள். தட்டுப் போட, கிளப்பின் மின்சாரக் கிராமபோனைத் திறந்து காட்டினார்கள்.

முதல் தட்டை வைத்தேன். நம்புவீர்களோ என்னவோ, நாங்கள் அவ்வளவு காலம் கேட்ட பாட்டு அது இல்லை. அடியில் தடித்த கம்பியை யாரோ சுண்டிக்கொண்டே போனார்கள். எங்கள் வீட்டுப் பெட்டியில் அந்த வாத்தியம் இருந்த தடமே கிடையாது. அப்பா பேச வந்ததை மறந்து என் பக்கம் திரும்பினார்.

"கேக்குதாட்டி? கீழ ஒருத்தன் இருந்திருக்கான். இத்தன நாளா நமக்குத் தெரியல."

அவர் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்க்கவில்லை.

பிறகு பேச ஆரம்பித்தார். வெல்லப்பாகு என்றதும் சிரித்தார்கள். சளிக்குழாய் என்றதும் இன்னும் சிரித்தார்கள். அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கையை ஆட்டினார், குரலைக் கூட்டினார். சிரிப்பு கொஞ்சம் முன்கூட்டியே வருவதை நான் கவனித்தேன். அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிலர் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். துரைசாணி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

காதல் பாட்டுத் தட்டு ஓடியது. அப்பா ஊசியைத் தூக்கச் சொன்னார். சபையைப் பார்த்து, "இந்த ஆளுக்குக் காதல் இல்லை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சொல்லி வைத்த இடத்தில் மூச்சு வாங்கினார்.

தரையில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பையன், வேறு எஸ்டேட்டைச் சேர்ந்தவன், எழுந்து நின்றான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். அப்பா பேசும்போது கழுத்தை ஒரு பக்கம் சாய்ப்பார், அதே மாதிரி சாய்த்துக்கொண்டு, அதே இழுப்போடு, அப்பாவின் குரலில் சொன்னான்: "ஒன்லி இண்டைஜெஷன், மேடம்."

ஹால் முழுக்கச் சிரித்தது. அவனுடைய அம்மா அவனை இழுத்து உட்காரவைத்தாள். அவளாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தப் பையன் அப்பாவை அதற்கு முன் பார்த்தவனே அல்ல. எனக்கு அது அந்த நிமிஷமே புரிந்தது. இந்தப் பேச்சையெல்லாம் துரைசாணி பல விருந்துகளில், கழுத்தைச் சாய்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடித்துக் காட்டியிருக்கிறார். இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கேட்டவர்கள். அசல் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் இன்றைக்கு அழைத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கும் புரிந்தது. கழுத்து நேரானது. கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் கோட்டுப் பையில் விட்டு, எடுத்து, மறுபடி விட்டார். மூலையில் இருந்த அம்மாவை ஒருதரம் பார்த்தார்.

அப்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்று நான் எத்தனையோ வருஷம் நினைத்திருக்கிறேன். எஸ்டேட் வேலை, எஸ்டேட் வீடு, எஸ்டேட் ஜீப்பில் வந்து இறங்கிய மனைவியும் பிள்ளையும். எதை நம்பித் தூக்கிக்கொண்டு வருவது? அவர் மேலே பேசினார். இப்போது வேண்டுமென்றே பேசினார். கழுத்தை இன்னும் அதிகம் சாய்த்தார், இழுப்பை இன்னும் இழுத்தார். இல்லாத நோய்களை எல்லாம் சொன்னார். அவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.  அங்கிருந்த வெள்ளைக்காரர்களைவிட அப்பாவைப் பார்க்கத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் டிரம்பெட் தட்டு. வைத்துவிட்டு, ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அப்பா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போடு" என்றார்.

நான் போடவில்லை. சொல்ல மறந்துவிட்டாரோ என்று நினைத்து, "அப்பா, அது..." என்றேன்.

"போடுட்டி."

போட்டேன். டிரம்பெட் ஊத ஆரம்பித்தது. அப்பா சபையைப் பார்த்து, உப்பிய கன்னத்தைத் தன் கன்னத்தில் செய்து காட்டி, "பல்வலி மேடம்" என்றார். அன்றைய சாயங்காலத்தில் பெரிய சிரிப்பு அதற்குத்தான் கிடைத்தது.

கை தட்டினார்கள். எனக்குக் காகிதத்தில் சுற்றி ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். துரைசாணி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். துரைசாணியின் கண் சிவந்திருந்தது, சிரித்ததாலோ வேறு எதனாலோ. திரும்பிப் போக ஜீப் இல்லை, விருந்தினரைக் கொண்டுவிடப் போயிருந்தது. தேயிலை நடுவே நடந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. அம்மா ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்பா தட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பாதி வழியில், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"நல்லா ரசிச்சாவ."

"ஆமா" என்றாள் அம்மா. "நல்லா ரசிச்சாவ."

மறுநாளே சமையல்கட்டு ஆட்கள் மூலம் விஷயம் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்தால் பையன்கள் கழுத்தைச் சாய்த்தார்கள். மருந்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள்கூட, "ஐயா, எனக்குக் காதலா அஜீரணமா பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். அப்பா சிரித்துக்கொண்டே கலக்கி ஊற்றிக் கொடுத்தார். துரைசாணிக்குத் தலைவலி வந்தபோது போய் ஊசியும் போட்டார். தட்டு மட்டும் கொண்டுவரவில்லை. ஊருக்குப் போகும்போது துரைசாணி மிச்சத் தட்டுகளை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். அப்பா வாங்கி, ஒவ்வொன்றாகத் துடைத்து, உறை போட்டு அடுக்கினார். அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தனியே கேட்டார். எங்களைக் கூப்பிடவில்லை. சாவியும் அவரே கொடுத்துக்கொண்டார்.

அபிப்பிராயம் சொல்வதை அப்பா அன்றோடு விட்டுவிட்டார். பாட்டைப் பற்றி மட்டுமல்ல. எஸ்டேட் கேரளத்துக்குப் போனது நல்லதா கெட்டதா என்றாலும், எனக்குப் பார்த்த மாப்பிள்ளை எப்படி என்றாலும், ஒரே பதில்தான்: "நல்லாத்தான் இருக்கு."

கல்யாணமாகி நான் பாலக்காட்டில் குடியேறிய பிறகு, என் வீட்டுக்காரர் எல்.பி. என்கிற நீளத் தட்டு ஓடுகிற புது ரெக்கார்ட் பிளேயர் வாங்கினார். வளைத்தால் வளைகிற தட்டு, ஒரு பக்கத்துக்கு நாலைந்து பாட்டு. அப்பா வந்திருந்தபோது ஒரு ஜாஸ் தட்டைத் தேடிப் பிடித்துப் போட்டேன். அடியில் கம்பி சுண்டுவது அட்சரம் அட்சரமாகக் கேட்டது. அப்பாவின் கால்விரல் தாளம் போட்டது.

"எப்பிடிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"சாக்ஸபோன்காரனுக்குச் சளி இருக்கா?"

கால்விரல் நின்றுவிட்டது. "எல்லாம் நல்லாத்தான் ஊதுதாவ" என்றார்.

அப்பா போய்ப் பல வருஷம் கழித்து, அம்மா என்னோடு இருந்தபோது, அந்தச் சாயங்காலத்தைப் பற்றி முதல் தடவையாகப் பேச்சு வந்தது. நான்தான் எடுத்தேன். முதலில் வரமாட்டேன் என்றவள் ஏன் வந்தாய் என்று கேட்டேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"பங்களா ஆயா வந்து சொன்னா. அந்தம்மா ஒங்கப்பாவ மாதிரி நடிச்சுக் காட்டுதாளாம், வாரவுகல்லாம் சிரிக்காவளாம், இப்ப ஆளையே கூப்பிட்டு வெச்சுச் சிரிக்கப் போறாவன்னு."

"தெரிஞ்சுமா போனே? அப்பாட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடிச் சொல்ல? கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு அப்பிடிச் சந்தோசமா பேசிப் பாத்துக்கிட்டிருந்தாவ." கீரைக் காம்பைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "பொண்டாட்டி எதுக்க வந்து உக்காந்திருந்தா, ஒரு மனுசனப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாவன்னு நெனச்சேன்."